ஏழு மாதத்தில் அடுத்த மாடல் வந்துவிட்டது, என் போன் பழசாகிவிட்டதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். போன ஆடித் தள்ளுபடியில் 19,000 ரூபாய்க்கு ஒரு 5ஜி போன் வாங்கியிருக்கிறீர்கள், தவணையில். ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அதே கம்பெனி அதே விலைக்கு அடுத்த நம்பரை இறக்கிவிட்டது. கம்பெனிகள் ஏன் இவ்வளவு வேகமாக மாடலை மாற்றுகின்றன, இருப்பதை விற்றுவிட்டுப் புதியதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஏமாந்துவிட்டோமோ என்கிற வருத்தம். முதலில் அதற்குப் பதில்: நீங்கள் ஏமாறவில்லை. வாங்கிய அன்று உங்கள் போன் என்னவெல்லாம் செய்ததோ, இன்றும் அதையெல்லாம் செய்கிறது. அது எப்போது பழசாகும் என்பதைத் தீர்மானிக்கிற விஷயங்கள் வேறு. மாடல்கள் இப்படி ஓடுவதால் நமக்கு நிஜமாகவே ஒரு நஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஆனால் அது நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நான் தர்மபுரியில் செல்போன் பழுது பார்க்கிறவன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு வருஷம் வேலை பழகிவிட்டு, 2008-ல் ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், நல்லம்பள்ளி என்று நாலு பக்கமிருந்தும் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உதிரி பாகம் வாங்க மாதத்துக்கு இரண்டு முறை பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் வருவேன். நான் சொல்லப்போவது பெரும்பாலும் என் மேஜையில் பார்த்தது. அதில் ஒரு குறை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருவது கெட்டுப்போன போன்கள் மட்டும்தான். ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் தராமல் ஓடுகிற போன் என் கண்ணில் படவே படாது. அதனால் எந்தக் கம்பெனி போன் அதிகம் கெடுகிறது என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அதிகம் விற்ற போன்தான் என் கடைக்கும் அதிகம் வரும்.

வேகம் கூடியிருப்பது உங்கள் பிரமை இல்லை. நான் தொழில் பழகிய காலத்தில் மேஜை நிறையக் கிடந்தது நோக்கியா 1100. 2003-ல் வந்த மாடல், டார்ச் லைட்டும் தூசி புகாத கீபேடும் வைத்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. ஐந்து வருஷம் கழித்து நான் கடை திறந்தபோதும் கொண்டுவந்து வைத்தது அதைத்தான். இப்போது ரெட்மி நோட் வரிசையைப் பாருங்கள். இந்தியாவில் நோட் 5 ப்ரோ 2018 பிப்ரவரியில் வந்தது. நோட் 6 ப்ரோ அதே வருஷம் நவம்பரில். நோட் 7 ப்ரோவை 2019 பிப்ரவரிக் கடைசியில் அறிவித்தார்கள். நோட் 8 ப்ரோ அந்த அக்டோபரில். இருபது மாதத்தில் நாலு தலைமுறை! நோட் 6 ப்ரோ வாங்கியவருக்குப் புதுசு என்கிற சந்தோஷம் மூன்று மாதம்தான் இருந்தது. அப்புறம் கொஞ்சம் நிதானப்பட்டார்கள். நோட் 12 2023 ஜனவரியில், நோட் 13 2024 ஜனவரியில், நோட் 14 அதே வருஷம் டிசம்பரில் என்று ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்றாக வந்தன. ஐபோன் 2012 முதல் செப்டம்பர் மாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2020-ல் மட்டும் அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

ஏன் இந்த ஓட்டம் என்றால், உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் காரணம் சிப். போனின் மூளையான அதைச் செய்து தருகிற குவால்காம் வருஷா வருஷம் ஒரு புதிய மேல்மட்ட சிப்பை அறிவிக்கிறது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 2022 நவம்பரில், ஜென் 3 2023 அக்டோபரில், 8 எலைட் 2024 அக்டோபரில் வந்தன. கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு வருஷம் ஒரு எண் ஏற்றுகிறது. இந்த இரண்டு நாள்காட்டியையும் பார்த்துத்தான் போன் கம்பெனிகள் தங்கள் நாளைக் குறிக்கின்றன. இன்னொன்று, நீங்கள் ஓசூரில் வேலை பார்ப்பதால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐபோனின் வெளிக்கூட்டை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் செய்கிறார்கள். அப்படியொரு ஆலை ஓட வேண்டுமென்றால் அச்சு, அளவு, திருகு எங்கே வரும் என்பதெல்லாம் போன் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஆகவே ஒரு மாடல் விற்பனைக்கு வருகிற நாளில் அதற்கு அடுத்தது எங்கேயோ ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கும். நீங்கள் ஆடியில் பணம் கட்டியபோதே அடுத்த நம்பர் வரப்போவது உறுதி. தை வரை பொறுத்திருந்து அதை வாங்கியிருந்தால், அதற்கும் அடுத்தது ஆவணியிலோ கார்த்திகையிலோ வந்து இதே வருத்தத்தைத் தந்திருக்கும்.

இரண்டாவது காரணம் கடை அலமாரி. நான் புதுப் போன் விற்பதில்லை, ஆனால் விற்கிற கடைகள் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "புதுசா என்ன வந்திருக்கு?" ஆறு மாதம் ஆன மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் என்று ஒவ்வொரு விலைப்படியிலும், ஓணம், தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் கம்பெனிக்கு ஒரு புதுப்பெயர் வேண்டியிருக்கிறது. சில சமயம் பெயர் மட்டுமே புதிது. சீனாவில் 2019 டிசம்பரில் ரெட்மி கே30 என்று வந்த போன்தான் 2020 பிப்ரவரியில் இந்தியாவுக்கு போக்கோ எக்ஸ்2 என்று வந்தது. நாம் புதுசு கேட்பதால் அவர்கள் வேகமாக விடுகிறார்களா, அவர்கள் வேகமாக விடுவதால் நாம் புதுசு கேட்கப் பழகினோமா என்பது விவாதத்துக்குரியது. கடைவாசலில் நின்று பார்த்த அளவில் நம் பங்கு சின்னதில்லை என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம்தான், நிரூபணம் இல்லை.

சரி, நம்பர் மாறும்போது உள்ளே என்ன மாறுகிறது? உங்கள் விலையிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒன்பிளஸ் நார்ட் சிஇ 2 லைட் 2022 ஏப்ரலில் 19,999 ரூபாய்க்கு வந்தது. ஒரு வருஷம் கழித்து 2023 ஏப்ரலில் சிஇ 3 லைட், அதே 19,999 ரூபாய். இரண்டிலும் ஒரே சிப், ஸ்னாப்டிராகன் 695. பேட்டரியும் இரண்டிலும் 5000 எம்.ஏ.எச். மாறியது என்னவென்றால் சார்ஜ் வேகம் 33 வாட்டிலிருந்து 67 வாட் ஆனது, கேமரா 64 மெகாபிக்ஸலிலிருந்து 108 ஆனது, குறைந்தபட்ச ரேம் 6 ஜிபியிலிருந்து 8 ஆனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்று புதிதாக வாங்கியவருக்கு அதே காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் பழையதை விற்றுவிட்டு இதை வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? சில ஆயிரம் ரூபாய் கைவிட்டுப்போய், சார்ஜ் ஏறும் நேரம் குறைந்தது. அவ்வளவுதான். உங்கள் போனின் விவரத்தையும் அடுத்த மாடலின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேமரா எண்ணை விட்டுவிட்டு, முதலில் சிப்பின் பெயரைப் பாருங்கள். ஒரே பெயரோ, ஒரே குடும்பமோ என்றால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

இப்போது போன் நிஜமாகப் பழசாவது எங்கே என்று பார்ப்போம். முதலில் பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி செருப்பு மாதிரி, உபயோகிக்க உபயோகிக்கத் தேயும். முழுதாக ஒரு முறை இறங்கி ஏறுவதை ஒரு சுற்று என்று கணக்கு வைப்பார்கள். பாதி இறங்கி ஏறினால் அரைச் சுற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அமலாக்கிய விதிப்படி 800 சுற்று முடிந்த பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். ஆப்பிள், ஐபோன் 14 வரை 500 சுற்றுக்கும், 15 முதல் 1000 சுற்றுக்கும் இதே 80 சதவீதத்தைச் சொல்கிறது. தினம் ஒரு முழுச் சுற்று ஓட்டுகிறவருக்கு 800 சுற்று என்பது இரண்டு வருஷமும் இரண்டு மாதமும். சூடு பட்டால் அதற்கும் முன்பே தேய்ந்துவிடும். சித்திரை வெயிலில் தொப்பூர் கணவாய் ஏறி வருகிற லாரி டிரைவர்கள் போனை முன்கண்ணாடிக்கு அடியில் வைத்து, மேப் ஓட்டிக்கொண்டே சார்ஜும் போடுவார்கள். அந்தப் பேட்டரிகள் ஒன்றரை வருஷத்திலேயே உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வரும். அப்படி உப்பியிருந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிட்டு அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவில் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் இதே மாதிரி சூடேற்றுகிற வேலைதான்.

என் கடைக்கு வந்து "போன் போயிடுச்சு, புதுசு வாங்கப் போறேன், இதுல இருக்கற போட்டோவ மட்டும் எடுத்துக் குடுங்க" என்கிறவர்களில் பாதிப்பேருக்காவது தேவை புதுப் போன் இல்லை, புதுப் பேட்டரி. ஆயிரம் ரூபாயிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்குள் முடிந்துவிடும். பேட்டரி தளர்ந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்குவது மட்டுமில்லை, போன் தானாக அணையும், வேலையும் மந்தமாகும். அதனால்தான் மக்கள் போனே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மந்தமாவதற்கு இன்னொரு பெரிய காரணம் சேமிப்பிடம் நிரம்புவது. 64 ஜிபி போனில் 62 ஜிபி நிரப்பி வைத்திருப்பார்கள், பாதி வாட்ஸாப் குரூப்பில் வந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும். உள்ளே இருக்கிற நினைவகச் சில்லுக்குப் பழையதை அழித்து அடுக்கிவைக்கக் காலி இடம் வேண்டும். இடமில்லையென்றால் ஒவ்வொரு வேலைக்கும் திணறும். விலை குறைந்த போன்களில் வருகிற இஎம்எம்சி வகைச் சில்லில் இந்தத் திணறல் அதிகம், யூஎஃப்எஸ் வகையில் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது எப்போதும் காலியாக வைத்திருங்கள்.

அப்புறம் மென்பொருள் அப்டேட். இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. நாலு வருஷம் அப்டேட் தருவோம் என்று கம்பெனி சொன்னால், பொதுவாக அந்த நாலு வருஷம் மாடல் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஒன்றரை வருஷம் கழித்துத் தள்ளுபடியில் அந்த மாடலை வாங்கினால் கையில் மிஞ்சுவது இரண்டரை வருஷம்தான். இந்த விஷயத்தில் காலம் நமக்குச் சாதகமாகவே மாறிவருகிறது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்ஸல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் அறிவித்தார்கள். நடுத்தர விலையிலும் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருஷம் சொன்னார்கள். அப்டேட் நின்றால் மறுநாளே போன் நின்றுவிடாது. வாட்ஸாப் 2025 ஜனவரியில்தான் ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைவிட்டது, அது 2013-ல் வந்தது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்று வருஷக்கணக்கான போனில் வங்கி ஆப்பும் ஜிபேயும் வைத்துக்கொள்வதை நான் ஊக்குவிப்பதில்லை. அமைப்புகளில் போன் பற்றிய பகுதியில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும், போய்ப் பாருங்கள். போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ காட்டினால் கம்பெனி உங்களைக் கைவிடவில்லை என்று அர்த்தம்.

நெட்வொர்க் மாற்றத்தால் போன் பழசாவது அபூர்வம், ஆனால் வந்தால் பலமாக வரும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதன் சிம் 4ஜி போனில் மட்டுமே வேலை செய்தது. அந்த ஒரு வருஷத்தில் நல்ல நிலையில் இருந்த எத்தனையோ 3ஜி போன்கள் பீரோவுக்குள் போயின. அதன் பிறகு 5ஜி வந்தது 2022 அக்டோபரில்தான், அதுவும் 4ஜியை அணைத்துவிட்டு வரவில்லை. உங்களிடம் 5ஜி போன் இருக்கிறது. இந்தப் பக்கம் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது உதிரி பாகம். ஒவ்வொரு மாடலுக்கும் டிஸ்பிளேயின் வெட்டு வேறு, அதை போர்டோடு இணைக்கிற ஃபிளெக்ஸ் பட்டை மாட்டுகிற இடம் வேறு, சார்ஜிங் போர்டின் வடிவம் வேறு. நோக்கியா காலத்தில் பத்துப் பதினைந்து வகை டிஸ்பிளே டப்பாவில் இருந்தால் ஊரையே சமாளித்துவிடலாம். இன்று இருநூறு வகை அடுக்கி வைத்திருக்கிறேன், அப்படியும் காலையில் வருகிற முதல் போனுக்கு என்னிடம் இருக்காது. எஸ்.பி. ரோட்டு மொத்தக் கடைக்காரர் எதை வரவழைப்பார்? எது ஊரெல்லாம் விற்றதோ அதை. நாலைந்து மாதம் மட்டும் விற்று, அடுத்த நம்பர் வந்ததும் மறைந்துபோன மாடலுக்கு அவர் காசு முடக்கமாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்படியொரு மாடலுக்கு நானே இருபது டிஸ்பிளே வாங்கிப் போட்டு, மூன்றுதான் போனது. மீதி இன்னும் டிராயரில் கிடக்கிறது.

இரண்டு போன்களைப் பற்றிச் சொல்கிறேன். பாப்பாரப்பட்டி பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிற ஒரு அம்மா. 2019-ல் ஊரெல்லாம் விற்ற ஒரு மாடலை வைத்திருக்கிறார். இதுவரை இரண்டு முறை காம்போ மாற்றியிருக்கிறேன், அதாவது டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்தது. ஒரு முறை பேட்டரி, ஒரு முறை சார்ஜிங் போர்டு. எல்லாப் பாகமும் கேட்ட அன்றோ மறுநாளோ கிடைத்தது. அந்தப் போனில்தான் பட்டுக்கூடு விலையையும் பார்க்கிறார், பேத்தியோடு வீடியோ காலும் பேசுகிறார். இன்னொருவர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த கல்லூரிப் பையன். போன் வாங்கிப் பத்தாவது மாதம் பஸ்ஸில் தவறவிட்டு டிஸ்பிளே உடைந்தது. அதிகம் விற்காத மாடல், வளைந்த டிஸ்பிளே. சர்வீஸ் சென்டரில் பாகம் வர வேண்டும் என்று மூன்று வாரம் அலைய வைத்தார்கள். கடைசியில் சொன்ன விலை போனின் விலையில் பாதிக்கு மேல். நானும் பெங்களூரில் நாலு கடை ஏறி இறங்கினேன், கம்பெனி டிஸ்பிளே மாதிரியே வேறு யாரோ செய்கிற காப்பி டிஸ்பிளே கூடக் கிடைக்கவில்லை. தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் பயனில்லாமல் போனது. அந்தத் தம்பியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. போனில் ஒரு கோளாறும் இல்லை, ஒரு கண்ணாடிதான் இல்லை.

காப்பி டிஸ்பிளே பற்றியும் சொல்ல வேண்டும். அமோலெட் என்கிற, புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிர்கிற டிஸ்பிளே உடைந்தால், விலை குறைவாக இருக்கட்டும் என்று பின்னாலிருந்து விளக்கு எரிகிற எல்சிடி காப்பியைப் போட்டுத் தருகிற கடைகள் உண்டு. அதில் வெளிச்சம் குறையும், கறுப்பு சாம்பலாகத் தெரியும், டிஸ்பிளேக்கு அடியில் இருக்கிற கைரேகை சென்சார் பெரும்பாலும் வேலை செய்யாது. போட்டுத் தருவது தப்பில்லை, சொல்லாமல் போட்டுத் தருவதுதான் தப்பு. நீங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேலே சொன்ன ஐரோப்பிய விதியில் எனக்கு மிகவும் பிடித்தது பேட்டரிச் சுற்றுக் கணக்கு இல்லை. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. ஒரு போனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கு 2024-ல் இன்னொரு குழு அமைத்தார்கள், 2025-ல் அறிக்கையும் வந்தது. போன் பெட்டியின் மேல் அப்படியொரு மதிப்பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. அது வந்தால் மாடல் வருஷத்துக்கு மூன்று வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மனக்குறை எல்லாம் புதுசு வருவதில் இல்லை, பழசுக்குப் பாகம் வராமல் போவதில்.

"புது மாடலை விற்பதற்காக அப்டேட் அனுப்பிப் பழையதை மந்தமாக்குகிறார்கள்" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உறுதியாகத் தெரிந்தது இது: ஆப்பிள் 2017 டிசம்பரில், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வாடிக்கையாளரிடம் சொல்லாமல் செய்ததுதான் சிக்கலானது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் அப்டேட்கள் தொடர்பாக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. இவை பதிவான விஷயங்கள். எல்லாக் கம்பெனியும் எல்லா அப்டேட்டிலும் இதைச் செய்கிறது என்பது சந்தேகம் மட்டும்தான், என் மேஜையில் அதற்குச் சாட்சி எதுவும் கிடைத்ததில்லை. பெரிய அப்டேட் போட்டதும் ஓரிரு நாள் போன் சூடாகி மெதுவாக ஓடும். உள்ளே ஆப்களை எல்லாம் மறுபடி ஒழுங்குபடுத்துகிறது, பிறகு சரியாகிவிடும். அமோலெட் டிஸ்பிளேயில் அப்டேட்டுக்குப் பிறகு பச்சைக் கோடு விழுந்ததென்று நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். கோடு விழுவது உண்மை. காரணம் அப்டேட்டா, அப்போது ஏறிய சூட்டில் ஏற்கெனவே பலவீனமாக இருந்த இணைப்பு விட்டுப்போனதா என்பதில் எனக்கு இரண்டாவதன் பக்கமே சாய்வு. அதையும் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் விஷயம். விற்க வேண்டாம். ஏழு மாதப் போனை இப்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் வாங்கிய விலையில் பாதி, நல்ல நாளாக இருந்தால் கொஞ்சம் மேலே. தவணை பாக்கி வேறு இருக்கிறது. பழைய தவணையும் புதுத் தவணையும் சேர்ந்து ஓடும். மூன்று, மூன்றரை வருஷம் வரை இதை ஓட்டலாம். நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்ற வேண்டிவரும், அதற்கு ஆயிரத்தைந்நூறு ஒதுக்கி வையுங்கள். அந்த மூன்று வருஷத்தில் இதே கம்பெனி இன்னும் மூன்று நாலு நம்பர் விட்டிருக்கும். அப்போது மாற்றினால் வித்தியாசம் கையில் தெரியும். நல்ல கேமராதான் உங்கள் பிழைப்பு, கல்யாண வீடியோ எடுக்கிறீர்கள், யூடியூப் சேனல் நடத்துகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அது தொழில் கருவி வாங்குவது, வருமானத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

அடுத்த முறை வாங்கப் போகும்போது, கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஊரில் பழுது பார்க்கிற ஒருவரிடம் மாடல் பெயரைச் சொல்லி, "இதுக்கு காம்போ என்ன விலை, கிடைக்குமா?" என்று கேளுங்கள். காரிமங்கலத்திலேயே நல்ல கைகள் இருக்கின்றன. அவர் யோசிக்காமல் விலை சொன்னால் அது ஓடுகிற மாடல். "விசாரிச்சுச் சொல்றேன்" என்றால் கொஞ்சம் தயங்குங்கள். இப்போதுதான் வெளியான மாடலாக இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது, அந்த வரிசையின் முந்தைய மாடலுக்குக் கேளுங்கள். வளைந்த டிஸ்பிளே வேண்டாம் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். வெளியான மாதம், அப்டேட் எத்தனை வருஷம், சேமிப்பிடம் 128 ஜிபிக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கு முன்னால் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் போனுக்கு ஒரு வருஷ வாரண்டி, அதில் ஐந்து மாதம் பாக்கி. பெட்டியோடு வந்த சார்ஜருக்கும் கேபிளுக்கும் வழக்கமாக ஆறு மாதம்தான், அது முடிந்திருக்கும். சார்ஜர் பின் லூசாகிறதா, பேசும்போது மைக் விட்டுவிட்டு வருகிறதா, காரணமில்லாமல் சூடாகிறதா என்று இந்த வாரமே கவனித்துப் பாருங்கள். சின்னக் குறைதானே என்று விட்டுவிட்டு, பதின்மூன்றாவது மாதம் என் மாதிரி ஆளிடம் காசு கொடுத்துச் சரிசெய்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். பில்லை எடுத்துக்கொண்டு தர்மபுரியிலோ ஓசூரிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கொடுப்பதற்கு முன் போட்டோவையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், அங்கே பல சமயம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். என்ன குறைக்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதிய ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே குறை திரும்ப வந்தால் பேசுவதற்கு அந்தத் தாள் உதவும்.